கண்ணை வரையச் சொன்ன ராஜா

மணவாள நகர்ப் பக்கம் பட்டறை வேலைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணில் இரும்புத்தூள் விழுவது புதிதில்லை. கண் டாக்டரிடம் போனால், ஓ.பி. சீட்டில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, காயம் பட்ட இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். மறுபடி போகும்போது, ஆறியிருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்தப் புள்ளிதான் சாட்சி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே காரியத்தைத் தஞ்சாவூரில் ஒரு ராஜா, தேர்ந்த ஓவியர்களை வைத்து வண்ணத்தில் செய்வித்திருக்கிறார். இரண்டாம் சரபோஜி.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1777இல் பிறந்தவர். 1787இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் தத்து எடுத்துக்கொண்டார். பட்டமோ துளஜாவின் சகோதரர் அமர்சிங் கைக்குப் போயிற்று. பையனைக் காப்பாற்றியவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார். சென்னையில் பாதிரிமார்களிடம் படிப்பு. 1798இல் அரியணை கிடைத்தது. மறு வருஷமே ஒப்பந்தம் போட்டு நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. மிச்சம் கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும் மானியப் பணமும். ஆளுவதற்கு நாடு இல்லாத ராஜா 1832இல் கண்ணை மூடும்வரை என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம்.

படித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என்று ஆயிரக்கணக்கில் புத்தகம் வரவழைத்து, பலவற்றில் தன் கையெழுத்தையும் போட்டு வைத்தார். 1805இல் தேவநாகரி எழுத்து வார்த்து அச்சகம் நடத்தினார். தன்வந்திரி மகாலில் வைத்தியம் நடந்தது. சரபேந்திர வைத்திய முறைகள் என்று தமிழ்ப் பாட்டாகவே மருந்துகள் தொகுக்கப்பட்டன. 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், இந்த மனிதர் லவாய்சியர், லின்னேயஸ் என்று ஐரோப்பிய விஞ்ஞானிகளைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் பேசுவதைக் கேட்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

இன்று நான் சொல்ல வந்தது சரபோஜி வரைவித்த படங்களைப் பற்றி. தஞ்சாவூர் ஓவியம் என்றதும் நமக்கு என்ன நினைவு வரும்? தங்க ரேக்கு, பதித்த கல், கொழுகொழுவென்று வெண்ணெய்க் கண்ணன். அந்தக் கண்ணனின் கண்கள் பெரிதாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். அதே ஊரில், அதே காலத்தில், ஓவியர்களை நோயாளியின் கண் முன்னால் உட்காரவைத்து, இருக்கிறது இருக்கிறபடி எழுது என்றார் சரபோஜி. யாருக்கு, என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்ற குறிப்போடு கண்ணின் படமும் சேர்ந்தது. அங்கே அழகுபடுத்த இடமில்லை. வெள்ளைவிழி எவ்வளவு சிவந்திருக்கிறது, படலம் எந்த ஓரத்தில் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. தங்க ரேக்கு ஒட்டும் கை இதற்குப் பழக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்! என்னைக் கேட்டால், வெண்ணெய்க் கண்ணனைவிட இந்த நோய்க்கண்கள்தான் தஞ்சைத் தூரிகையின் பெரிய சாதனை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பறவை, மீன், செடிகொடிகளையும் இப்படியே எழுதச் செய்து, கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஓர் ஆல்பம் கொடுத்தார். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தஞ்சை அரண்மனை நூலகமான சரசுவதி மகாலில் படத்தோடு கூடிய கஜ சாஸ்திரமும் அசுவ சாஸ்திரமும் உண்டு. மனித முகத்தை மிருக முகத்தோடு ஒப்பிட்டு பிரெஞ்சு அரசவை ஓவியர் லெ ப்ரூன் வரைந்த படங்களும் அங்கே இருக்கின்றன. வேடிக்கையான சங்கதி, சாஸ்திரமாக அதற்கு மதிப்பில்லை. வந்ததையெல்லாம் சேர்த்தார் என்பதற்கு அது அத்தாட்சி.

ஐரோப்பாவில் சரபோஜிக்கு முந்திய சகலகலா பண்டிதர் ஒருவர் ரோமாபுரியில் இருந்தார்: அதனாசியஸ் கிர்ச்சர். 1667இல் சீனாவைப் பற்றி அவர் போட்ட பெரிய படப்புத்தகத்தில் நம் தசாவதாரமும் உண்டு. ஆனால் அவர் சீனாவையும் பார்க்கவில்லை, இந்தியாவையும் பார்க்கவில்லை. பாதிரிமார் சொன்னதையும் அனுப்பியதையும் வைத்துப் போட்ட படங்கள். சரபோஜியின் கண் படங்களுக்கு முன்னால் ஆளே உட்கார்ந்திருந்தார். படிப்பின் அகலத்தில் கிர்ச்சர் பெரியவராக இருக்கலாம். படத்தை நம்பலாமா என்றால் என் ஓட்டு தஞ்சாவூருக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. கண்ணை எழுதிய ஓவியர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. ராஜா பெயர் மட்டும் நிற்கிறது. கையில் அச்சகம் இருந்தும் அந்தப் படங்கள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. ஒரே பிரதி, அதுவும் அரண்மனைக்குள். அடுத்த தலைமுறை வைத்தியர் அதைப் பார்த்துப் படிக்க வழியில்லாமல் போயிற்று. மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசில்லாமல் இறக்க, ராஜ்ஜியத்தின் பெயரும் போயிற்று. நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது 1918இல்.

நேயர்களே, சென்னையில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் தஞ்சாவூர். பெரிய கோயிலைப் பார்த்த கையோடு அரண்மனை வளாகத்துக்கும் போங்கள். நூலகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தக் கண் படங்களை நல்ல வண்ண அச்சில், மருத்துவ மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில், தமிழ்க் குறிப்போடு கிடைக்கச் செய்யுங்கள்.