முறைபோட்டுச் செய்யும் அறம்



'வழிபாட்டுத் தலமும் தொண்டும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் புதுச்சேரியில் அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. மணக்குள விநாயகர் கோயிலும், மிஷன் வீதிச் சம்பா கோயிலும், முல்லா வீதிப் பக்கத்துப் பள்ளிவாசல்களும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கின்றன. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இவ்வளவும் இருக்க, நான் பேச எடுத்துக்கொண்டது யூதர்களின் தொழுகைக்கூடத்தை. நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் பெருமையாக நினைத்துச் செய்கிற ஒரு வேலையை, நாம் காலங்காலமாகச் சிலர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறோம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், யூதர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிச் செப்பேடு கொடுத்தான். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. சென்னையில் பவழக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. பவழ வணிகம் செய்த யூதர்கள் அந்நகரில் வாழ்ந்தார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் ஆல்டர்மன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னை என்று இங்கே எத்தனையோ வீடுகளில் படம் வைத்து வணங்கப்படுகிற மிர்ரா அல்பாசா, 1878இல் பாரிஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்த யூதர்கள். அவர் 1920 முதல் இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார். 1940 அக்டோபரில் பிரான்சின் விஷி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதற்கு முந்தைய மாதமே புதுச்சேரி அந்த அரசின் பக்கம் நிற்காமல் ஜெனரல் தெகோலின் பக்கம் நின்றுவிட்டது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

யூத மரபில் கூட்டுத் தொழுகைக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் சில முக்கியமான வேண்டுதல்களைச் சொல்ல முடியாது. இறந்தவருக்காக மகன் சொல்லும் பிரார்த்தனையையும் சொல்ல முடியாது. ஆகவே பத்தாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், அந்த வருகையே ஒரு தொண்டு ஆகிவிடுகிறது. கூலிக்கு ஒரு குருக்கள் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெரிந்தவர் எவரும் முன்நின்று நடத்தலாம். கொச்சி யூதர்களும் கொங்கணத்துப் பெனே இஸ்ரேல் மக்களும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படித்தான் நடத்தினார்கள். எண்ணெய் ஆட்டியவரும் தச்சரும் கடைக்காரரும் பகலில் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் விளக்கேற்றித் தொழுகை நடத்தினார்கள். தில்லி ஹுமாயூன் சாலையில் 1956இல் கட்டிய ஜூதா ஹையாம் தொழுகைக்கூடத்தில் பத்துப் பேர் கூடுவதே பல நாள் அரிதாக இருந்தது. அங்கே பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். பழைய மரபை அங்கே தேவை தளர்த்தியது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

கொடுப்பதையும் அவர்கள் அந்தந்த நேரத்து மனநிலைக்கு விட்டுவிடவில்லை. பழைய காலத்து யூத ஊர்களில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, அன்றாடம் வீடு வீடாக உணவு திரட்டி அன்றைக்கே பசித்தவருக்குப் பங்கிடுவது. வழிப்போக்கனுக்கும் அதில் பங்கு உண்டு. மற்றொன்று, வாரத்துக்கு ஒருமுறை பணம் திரட்டி வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் பிறக்கும் முன், உள்ளூர் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கொடுப்பது. பணம் திரட்ட ஒருவர் தனியாகப் போகக் கூடாது, இருவர் போக வேண்டும். பங்கிடும்போது மூவர் இருக்க வேண்டும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது தீர்ப்பு வழங்குவதற்குச் சமம். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த நூலில் இந்த விதி இருக்கிறது. இன்று நம் சங்கங்களில் கணக்கு வழக்கு என்றாலே சண்டை வருகிறதே, அந்தச் சண்டைக்கு அவர்கள் அன்றைக்கே வழி அடைத்துவிட்டார்கள். இன்னொரு விதியும் உண்டு. தானம் வாங்கிப் பிழைப்பவரும் தம்மால் இயன்ற சிறு தொகையைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் தகுதியை ஏழையிடமிருந்து பறிக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். இதைப் படித்தபோது நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், மருத்துவர், தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்கும், வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பது இரண்டாவது உயர்ந்த படி. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது எதைத் தெரியுமா? விழப்போகிறவனுக்குக் கடன் கொடுத்தோ, தொழிலில் பங்கு கொடுத்தோ, வேலை வாங்கிக் கொடுத்தோ, அவன் இன்னொருவரிடம் கையேந்தாதபடி நிறுத்துவதை. வள்ளுவரின் ஒப்புரவறிதல் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது.

ஆனால் நான் உங்களிடம் நின்று பேச விரும்புவது இறந்தவர் உடலைப் பற்றி.

யூதச் சமூகங்களில் அடக்கக் குழு என்று ஒன்று உண்டு. தொழுகைக்கூடத்தைச் சார்ந்து இயங்கும். ஊரில் ஒருவர் இறந்தால் அந்தக் குழுவினர் வருகிறார்கள். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். அறைக்குள் வீண்பேச்சு இல்லை. உடலைத் திறந்து போடாமல் துணியால் மூடியபடியே, பகுதி பகுதியாகக் கழுவுகிறார்கள். நகத்து அழுக்கைக்கூட எடுக்கிறார்கள். பிறகு தலையிலிருந்து கால்வரை தண்ணீரை இடைவிடாமல் ஊற்றுகிறார்கள். உடுத்துவது வெள்ளைத் துணி. அதில் பை கிடையாது, அலங்காரம் கிடையாது. கோடீசுவரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே துணிதான். எல்லாம் முடிந்தபின் அந்த உடலைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கள் கையால் உங்களுக்கு ஏதாவது மரியாதைக் குறைவு நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரு காசு வாங்குவதில்லை. தொண்டுகளிலேயே கலப்படமில்லாதது இதுதான் என்பது அவர்கள் எண்ணம், ஏனென்றால் இறந்தவர் திருப்பிச் செய்ய மாட்டார்.

அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? ஊர் மருத்துவர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், பெரிய கடை முதலாளி இருக்கிறார். அதில் தங்களைச் சேர்த்துக்கொள்வதைக் கௌரவமாக நினைக்கிறார்கள்.

நம்மிடம் யார் செய்கிறார்கள்? இந்த அவையில் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, வேதனைதான் இருக்கிறது. பிணத்தைத் தொடும் வேலையை, குழி வெட்டும் வேலையை, பறையடிக்கும் வேலையை, பிறப்பை வைத்துச் சில குடும்பங்களின் தலையில் கட்டினோம். பிறகு பிணத்தைத் தொட்டவர்கள் என்று சொல்லி அவர்களையே தெருவுக்கு வெளியே நிறுத்தினோம். நம் அப்பாவையும் அம்மாவையும் கடைசியாகத் தொட்ட கைக்கு நாம் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. அறம் என்று எத்தனை நூல் எழுதி வைத்திருக்கிறோம்! கொரோனாக் காலத்தில் பெற்ற பிள்ளைகளே கிட்டப் போக அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் எடுத்து அடக்கம் செய்தார்களே தன்னார்வ இளைஞர்கள், முஸ்லிம் இளைஞர்கள் எத்தனையோ பேர் அதில் முன்நின்றார்களே, அவர்கள் காட்டிய வழி நோயோடு முடிந்துபோகலாமா?

யூதத் தொழுகைக்கூடத்தின் தொண்டு இறந்தவர் அடக்கத்தோடு நிற்கவில்லை. நம் நாட்டிலேயே அது தெருவுக்கு இறங்கி வந்தது. மும்பையில் பெனே இஸ்ரேல் மக்களின் முதல் தொழுகைக்கூடம் 1796இல் எழுந்தது. ஹையீம் சாமுவேல் கெஹிம்கர் 1875இல் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பெண்கள் 1913இல் ஸ்திரீ மண்டல் என்று தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதன் பின்னே நின்ற டாக்டர் ஜெருஷா ஜிராத், லண்டனில் மகப்பேறு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, 1928 முதல் 1947 வரை மும்பை காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அங்கே பிரசவத்துக்கு வந்த பெண்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். புனேயில் டேவிட் சசூன் என்ற பாக்தாத் யூதர் கொடுத்த கொடையில் எழுந்த மருத்துவமனை 1867 முதல் இயங்குகிறது. வடலூரில் தருமச்சாலை தொடங்கியதும் அதே ஆண்டு. அந்த மருத்துவமனையில்தான் 1924 ஜனவரியில், சிறையிலிருந்து கொண்டுவந்த காந்தியடிகளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள்.

பிறகு நம் நாட்டு யூதர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். 1948இல் இஸ்ரேல் உருவானதும் கொச்சியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். கூடங்கள் நின்றன, ஆட்கள் இல்லை. அப்போது என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள்.

கொல்கத்தாவின் மாகேன் டேவிட், பெத் எல் தொழுகைக்கூடங்களைப் பெருக்கித் துடைத்து விளக்குத் துடைத்துக் காத்துவருபவர்கள், ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். அந்நகரின் யூதப் பெண்கள் பள்ளி 1881இல் தொடங்கியது. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண் குழந்தைகள். எர்ணாகுளத்தில் கடவும்பாகம் தொழுகைக்கூடம் மூடிக் கிடந்தபோது, அந்தச் சமூகத்தவர் ஒருவர் அதன் முன்பகுதியில் வண்ணமீனும் செடியும் விற்கும் கடை போட்டார். மீன்தொட்டிகளைக் கடந்து உள்ளே போய்க் கதவைத் திறந்தால் தொழுகைக்கூடம். கடை நடத்திய கையாலேயே அந்தக் கட்டடத்தையும் பல ஆண்டுகள் காத்துவந்தார்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சாரா கோஹன் அம்மையார் தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தொழுகைத் தொப்பிக்கும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிக்கும் பூவேலை செய்வார். சிறுவனாக அந்தத் தெருவில் அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பையனை அவரும் கணவரும் வீட்டில் ஒருவனாக நடத்தினார்கள். கணவர் இறக்கும் முன், இவளைப் பார்த்துக்கொள் என்று வளர்ந்துவிட்ட அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாள் 96 வயதில், 2019இல் காலமாகும்வரை பார்த்துக்கொண்டார்.

புதுச்சேரி மக்களே, நான் கேட்பது பெரிய தொகை இல்லை. நம் அரசு மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து துணைக்கு ஆளில்லாமல் படுத்திருப்பவர்கள் உண்டு. மாத்திரை வாங்கி வர ஆளில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லை. உரிமை கோர ஒருவரும் வராத உடல்களும் உண்டு. இந்த இரண்டு வேலைக்கும் நாம் ஒரு குழு அமைப்போம். கோயிலிலிருந்தும் சர்ச்சிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் ஆட்கள் வரட்டும். கடவுளை நம்பாதவர்களும் வரட்டும். நூறு பேர் ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவதால் பயனில்லை. இருபது பேர் முறைபோட்டு வாராவாரம் வந்தால் போதும். மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் முறையாக அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும். சுடுகாட்டில் வேலை செய்யும் தொழிலாளிகளின் பிழைப்பில் நாம் கைவைக்கக் கூடாது. அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியும் கையுறையும் மருத்துவ வசதியும் சரியாகக் கிடைக்கிறதா என்று கேட்பதும் இந்தக் குழுவின் வேலை. அவர்கள் பக்கத்தில் நின்று, அவர்களோடு சேர்ந்து நம் கையும் அந்த உடலைத் தொட வேண்டும்.

பணம் சேர்ந்தால் இருவர் வாங்கி மூவர் எண்ணட்டும். யார் கொடுத்தார் என்று பலகை வைக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், தெரு, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்று எழுதுங்கள். எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்று எழுத வேண்டாம், ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். தாய்மார்கள் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் பெண் நோயாளிகளுக்கும் பெண் உடல்களுக்கும் பெண்கள்தான் வேண்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே அரங்கில் முதல் கூட்டம்.