தூண்டில் முள்

சூதில் பெறும் வெற்றி, இரையென்று மயங்கி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பை ஒக்கும் என்றார் வள்ளுவர். அந்தச் சிறிய இரும்பைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இரும்பு தோன்றுமுன்னரே தூண்டில் தோன்றிவிட்டது. ஜப்பானின் ஓகினாவாத் தீவிலுள்ள சகிதாரிக் குகையில், கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழைமையுடையன என்று 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர்.

முள்ளின் உறுப்புகள் சிலவே: கயிறு கட்டும் காது, தண்டு, வளைவு, கூர்முனை. முனையை அடுத்துப் பின்னோக்கிச் சாய்ந்த எதிர்முள் ஒன்றும் உண்டு. குத்திய முள் கழன்றுவிடாமல் காப்பது அதன் தொழில்.

அப்படியானால் எதிர்முள் இல்லாத தூண்டில் பயனற்றதா? மாலத்தீவு மீனவரைக் கேளுங்கள். நமக்கு மாசிக் கருவாடாக அறிமுகமான சூரை மீனை அவர்கள் கழித்தூண்டிலால் பிடிக்கின்றனர். உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசி, நீரையும் தெளிப்பர். சூரைக் கூட்டம் இரைவெறி கொண்டு பாயும். கடித்த மீனைக் கழி ஒரே வீச்சில் படகுக்குமேல் தூக்கும். கயிறு தளர்ந்ததும் மீன் தானே கழன்று தளத்தில் விழும். கையால் முள்ளைப் பிடுங்க வேண்டுவதில்லை. தூண்டில் அடுத்த கணமே கடலுக்குத் திரும்பிவிடும். இங்கே எதிர்முள் இருந்தால் அதுவே தடையாகும்!

மீனைக் கரைசேர்க்கும் கருவியிலும் இத்தகைய தேர்வு உண்டு. கழிநுனியில் பொருத்திய கொக்கி பெருமீனைத் தூக்க உதவும். ஆனால் உடலைக் கிழிக்கும். திரும்ப நீரில் விட வேண்டிய மீனுக்குக் கைவலையே ஏற்றது.

ஆழ்கடலில் மைல் கணக்கில் நீளும் ஆயிரம் தூண்டில் கயிற்றில் ஆமைகளும் அகப்படுகின்றன. வழக்கமான முள்ளை விழுங்கினால் அது குடலைக் குத்தும். முனை தண்டை நோக்கி உள்வளைந்த வட்டமுள்ளோ பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும். எடுத்துவிட்டு ஆமையை உயிரோடு விடலாம். ஹவாயில் வாள்மீன் பிடிக்கும் படகுகளுக்குப் பெரிய வட்டமுள்ளை 2004-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கினர்.

மாணவர்களே, முனை சற்றே உள்நோக்கி வளைந்தது. ஓர் உயிர் பிழைத்தது. நாளை உங்களுள் சிலர் கருவி செய்வோர் ஆவீர்கள். எதைப் பிடிக்கும் என்று மட்டும் கேளாமல், எதை விட்டுவிடும் என்றும் கேளுங்கள்.