கண்ணாடி அடுப்பும் நம் சமையலும்

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் அடுப்பைப் பற்றிய பேச்சா என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆயினும் தில்லியில் குடியேறிய நம் இல்லங்கள் சிலவற்றில் இன்று கரிய கண்ணாடிப் பலகையே அடுப்பாக அமைந்திருக்கின்றது. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் அன்னையரோ, சுடரைக் கண்டே சூட்டை அறிந்து பழகியவர்கள். சுடரில்லாத அடுப்பின்மீது அவர்கள் கை தயக்கமின்றிச் சென்றுவிடும். ஆகவே இதனைப் பேசத்தான் வேண்டும்.

இது சாதாரணக் கண்ணாடியன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் ஆய்வுக்கூடத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் அறிஞர் ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகையில் சூடேற்ற முற்பட்டார். உலை பழுதுபட்டு, வெப்பம் 900 பாகைக்கு ஏறிவிட்டது. வெளியே எடுக்கையில் நழுவித் தரையில் விழுந்த துண்டு உடையவில்லை! உள்ளே நுண்ணிய படிகங்கள் விளைந்து, அது பீங்கானை ஒத்ததாக மாறியிருந்தது. அவ்வழி வந்ததே நம் அடுப்பின் மேற்பலகை. சூட்டினால் அது விரிவது மிகமிகச் சொற்பம். அதனாலேயே நடுவிடம் கொதிக்க, ஓரம் குளிர்ந்திருந்தாலும் வெடிப்பதில்லை. ஆனால் சூட்டைத் தாங்குவது அடியையும் தாங்கும் என்று எண்ணலாகாது. அடுப்பிற்கு நேர்மேலே ஊறுகாய்ச் சாடியை வைத்தல் அறிவுடைமையன்று. தோசைக்கல்லை அதன்மேல் இழுப்பதும் அத்தகையதே.

இன்ஃப்ராரெட் அடுப்பு, அணைத்து நெடுநேரம் சென்றும் சுடும். இண்டக்ஷன் அடுப்பில் சூடேறுவது பாத்திரத்தின் அடியே எனினும், அப்பாத்திரம் கண்ணாடியைச் சூடாக்கிவிடுகின்றது. செந்நிறம் மறைந்ததால் சூடு தணிந்ததாகாது. மிச்சச் சூட்டைக் காட்டும் விளக்கு இருப்பின், அது அணையும்வரை கை வைத்தல் கூடாது.

ஆறிய பின்னரே துடைத்தல் பொது விதி. மெல்லிய ஈரத்துணியும் சிறிது வினிகரும் போதும். இரும்பு நார் வேண்டா. இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது நம் சமையலுக்கே உரியது போலும். அதுதான் வெல்லப்பாகு! பால் பொங்கி வழிவதை மங்கலமெனக் கொள்பவர்கள் நாம். கண்ணாடியோ அம்மங்கலத்தை அறியாது. வழிந்த பாகு ஆறி இறுகுகையில் கண்ணாடியைப் பற்றிச் சுருங்கி, அதன் மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். அக்குழி பின்னர் ஆறாது. எனவே அடுப்பை நிறுத்தி, பாத்திரத்தை அகற்றி, சிறுவரை அப்பால் அனுப்பி, தடித்த கையுறை அணிந்து, கண்ணாடி அடுப்பிற்கென விற்கும் சுரண்டியைச் சாய்வாகப் பிடித்து, சூடு ஆறுமுன்னரே பாகைக் குளிர்ந்த ஓரத்திற்குத் தள்ளிவிட வேண்டும். கையுறை இல்லையேல் விட்டுவிடுங்கள். வடு அடுப்பில் விழுந்தால் விழட்டும், கையில் வேண்டா. பொங்கலன்று எரிவாயு அடுப்பை நாடுவதே நம் கருத்து. உருண்டை அடிப் பானை இக்கண்ணாடியில் செவ்வனே அமர்வதுமில்லை.

மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டாலும் அதில் சமைத்தல் கூடாது. வழியும் நீர் அதனூடே உள்ளிறங்கி மின்தாக்கு நேரக்கூடும். ஈரத்துணியால் தொடாமல், முதலில் சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரை அழையுங்கள். பலகையை மாற்றும்வரை அவ்வடுப்பு நமக்கு இல்லை.