தூரத்துக் கணிப்பொறியும் கையில் உள்ள கோப்பும்

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசு, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதற்குத் தகுதி நிறையவே உண்டு. (சிரிப்பு)

நாங்கள் இங்கே படித்தபோது, கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செய்த வேலை முழுவதும் 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் அடங்கி, சட்டைப் பையில் ஏறிவிடும். இன்று நீங்கள் ஹாஸ்டல் அறையில் இருந்தபடியே எங்கோ உள்ள கிளஸ்டரில் வேலை செய்யலாம். திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட 'பரம் பொருள்' 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது. அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்! வசதி பெரிதுதான். ஆனால், செய்த வேலை இப்போது சட்டைப் பையில் இல்லை. இதை மறந்துதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஆராய்ச்சி மாணவனாக ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தேன். மூன்று மாதம் கிளஸ்டரில் ஓடிய கணக்குகளின் முடிவுகள் 'ஸ்கிராட்ச்' என்ற இடத்தில் கிடந்தன. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி போல ஒரு போன் வந்தது. ஊருக்கு ஓடினேன். அப்பா தேறி எழுந்து உட்கார நாற்பது நாள் ஆயிற்று. திரும்பி வந்து லாகின் செய்தால் டைரக்டரி காலி! நிர்வாகியிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "தம்பி, முப்பது நாள் தொடாத ஃபைல் தானா அழிஞ்சிடும்னு லாகின் பண்ணும்போதெல்லாம் திரையில வருதே, படிச்சதே இல்லையா?" என்றார். ஒரு வருஷமாகத் தினமும் என் கண்முன் வந்த வரி அது. ஒரு நாளும் படித்ததில்லை.

ஸ்கிராட்ச் என்பது களத்துமேடு மாதிரி. நெல்லை அடிக்கலாம், காய வைக்கலாம். பத்திரப்படுத்த வேண்டியது வீட்டுக் குதிரில்தான். களத்திலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனால் குற்றம் யாருடையது?

நல்லவேளை, என் நிரல்களும் உள்ளீட்டுக் கோப்புகளும் ஒரு சி.டி.யில் இருந்தன. அவற்றை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். அவையும் போயிருந்தால் இன்று இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

மாணவர்களே, சில விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, உள்ளே போகும் வழி. முன்பு டெல்நெட்டும் எஃப்.டி.பி.யும் பாஸ்வேர்டைத் திறந்த அஞ்சலட்டை போல அனுப்பின. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதைக் கண்டு, 1995-ல் தாத்து யிலோனன் என்பவர் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். எஃப்.டி.பி.யின் எண் 21, டெல்நெட்டின் எண் 23. இரண்டுக்கும் நடுவில் இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார். முதல் தடவை தொடர்பு கொள்ளும்போது எதிர்முனை இயந்திரத்தின் 'கைரேகை'யைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' தட்டாமல், நிர்வாகம் தந்த ரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, லாகின் நோடு என்பது வீட்டுத் திண்ணை. உட்காரலாம், பேசலாம், அடுப்பு மூட்டக் கூடாது! பெரிய கணக்கை வரிசையில் போட்டுவிட்டு முறை வரும்வரை காத்திருங்கள். அங்கேயே ஓட்டினால் எல்லோருக்கும் மூச்சு முட்டும்.

மூன்றாவது, கோப்பு கொண்டுவருவது. அதற்கான ஆணையை உங்கள் லேப்டாப்பில் தட்டுங்கள். கிளஸ்டருக்குள் போய்த் தட்டிவிட்டு "வரலையே சார்" என்று கேட்பவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேர். உங்கள் லேப்டாப் எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒன்றிரண்டு கோப்பென்றால் எஸ்.சி.பி. போதும். ஆயிரக்கணக்கில் என்றால் ஆர்-சிங்க். 1996-ல் ஆஸ்திரேலியாவில் ட்ரிட்ஜெல், மெக்கராஸ் இருவரும் வெளியிட்டது. நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை. மறுபடி தட்டினால், வந்து சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவரும். வந்தபின் இரு பக்கமும் செக்சம் போட்டு ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போகும்வரை அங்கே உள்ளதை அழிக்காதீர்கள்.

"பெரிய இடத்தில் இருக்கிறதே, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், காப்புப் பிரதி எடுக்கும் நிரலிலேயே பிழை வந்தது. பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய அது ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. காவல் காக்க வைத்ததே கதவைத் திறந்துவிட்ட கதை!

இன்று ராத்திரி ஹாஸ்டலுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்டின் நிரலும் உள்ளீடும் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்று என்றால், தூங்குவதற்கு முன் இரண்டாக்கிவிடுங்கள். வீட்டிலிருந்து திடீரென்று போன் வந்தால், எதையும் யோசிக்காமல் பஸ் ஏற முடிய வேண்டும். அந்த நிம்மதிக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.