எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஷாஃப்ட்

2018ஆம் வருடம் டிசம்பர் 21ஆம் தேதி 'கே.ஜி.எஃப்.' படத்தின் முதல் பாகம் வெளியானது. கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளில், அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்மேடுகளில், செட் போட்டு எடுத்த படம். யாரை அடிப்பது, யாரைக் காப்பாற்றுவது, சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்று அதில் எல்லாமே கதாநாயகன் கையில். பார்க்கிறவர்களுக்கு விசில் அடிக்கிற வேலை மட்டும்தான். சரியாக ஒரு வாரம் கழித்து, 28ஆம் தேதி, நெட்ஃப்ளிக்ஸில் 'பேண்டர்ஸ்னாட்ச்' என்று இன்னொரு படம் வந்தது. இதில் கதாநாயகனுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமையே கிடையாது. காலையில் அவன் எந்த டப்பாவைப் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்பதைக்கூட நாம்தான் சொல்ல வேண்டும். திரையின் அடியில் இரண்டு பெயர்கள் தெரியும். பத்து விநாடி அவகாசம். சும்மா இருந்தால் படமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும்.

வீடியோ கேம் உலகத்துக்கு இது புதிதல்ல. பார்க்கிறவர், அதாவது ஆடுகிறவர், எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை திரும்புகிற விளையாட்டுகள் பல வருடங்களாகவே உண்டு. சுட்டுத் தள்ளுவது, கார் ஓட்டுவது எல்லாம் அவற்றில் இரண்டாம் பட்சம். யாரிடம் உண்மையைச் சொல்வது, யாரைக் கைவிடுவது, கடைசி ரொட்டியை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் ஆட்டமே. 'உங்கள் முடிவுதான் கதையின் முடிவு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

அது எவ்வளவு தூரம் நிஜம்?

பேண்டர்ஸ்னாட்சையே எடுத்துக்கொள்ளலாம். 1984இல் நடக்கிற கதை. ஸ்டீஃபன் என்ற இளைஞன் ஒரு வீடியோ கேம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டு, இங்கேயே உட்கார்ந்து செய், கூட ஆட்கள் தருகிறோம் என்கிறது. யாராக இருந்தாலும் 'சரி' என்றுதான் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் கேம் படுதோல்வி. படம் பின்னால் போய் அதே கேள்வியை மறுபடி கேட்கிறது. வேண்டாம் என்று சொன்னால்தான் கதை நகரும். கேள்வி கேட்டார்கள், பதிலை மட்டும் அவர்களே வைத்திருந்தார்கள்.

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிய கதைதான். விக்கிரமாதித்தன் கதையைச் சிறு வயதில் கேட்டவர்களுக்கு இந்த ஆட்டத்தின் விதி தெரியும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் பறந்துவிடும், ராஜா மறுபடி மரம் ஏற வேண்டும். ராஜாவுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கடைசிக் கதையில்தான் அந்தச் சுற்று அறுபடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் ராஜாவுக்கு முன்னால் தானே ஒரு பதிலைச் சொல்லிப் பார்க்கும். பொத்தான் இல்லாத காலத்து கேம் என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

கேம் செய்கிறவர்கள் ஏன் இப்படி ஏய்க்கிறார்கள்? கணக்குப் போட்டால் புரியும். ஒரு கதையில் பத்து இடங்களில் இரண்டு வழிகள் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வழியும் எந்த வழியோடும் சேராவிட்டால் 1,024 முடிவுகள் தேவைப்படும். இடையில் வரும் காட்சிகளையும் சேர்த்தால் 2,046 காட்சிகள். காட்சிக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 170 மணி நேரம், இடைவிடாமல் ஓடினால் ஒரு வாரத்துக்கு மேல். இதில் ஒரு ஆட்டத்தில் ஒருவர் பார்க்கப்போவது வெறும் ஐம்பது நிமிடம். மிச்சத்தை எழுத, வரைய, குரல் கொடுக்க யார் பணம் போடுவார்கள்? அதனால் கிளைகளைப் பிரிய விடுகிறார்கள், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒன்றாகக் கோர்த்துவிடுகிறார்கள்.

தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் கேஜ் என்ற கூண்டு இறங்கும். ஒவ்வொரு லெவலிலும் சுரங்கப் பாதைகள் இடமும் வலமுமாகப் பிரிந்து போகும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அந்த லெவல்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயின. ஆனால் எந்தப் பாதையில் வெட்டிய கல்லானாலும் மேலே வருவதற்கு ஷாஃப்டை விட்டால் வேறு வழியில்லை.

கிளைகளைப் பிரித்து மறுபடி சேர்க்கும் இந்த வித்தையை முதன்முதலில் சினிமாவில் செய்து காட்டியவர்கள் செக்கோஸ்லோவாக்கியக்காரர்கள். 1967இல் கனடாவின் மாண்ட்ரீல் உலகக் கண்காட்சியில் 'கினோஆட்டோமேட்' என்று ஒரு அரங்கம் வைத்தார்கள். ராடூஸ் சின்சேரா என்பவரின் யோசனை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். படம் நடுவில் நிற்கும். நடிகரே மேடைக்கு வந்து, இப்போது நான் என்ன செய்யட்டும் என்று கேட்பார். கூட்டம் ஓட்டுப் போடும், பெரும்பான்மை சொன்னபடி படம் தொடரும். வேடிக்கை என்னவென்றால், படத்தின் முதல் காட்சியிலேயே வீடு தீப்பற்றி எரிகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசியில் அந்த வீடு எரியத்தான் போகிறது.

அப்போது அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். 2012இல் ஆடியவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட் 3' என்ற கேம் வெளியானது. மூன்று பாகம், ஐந்து வருடம். ஒவ்வொரு பாகத்திலும் எடுத்த முடிவுகள் அடுத்த பாகத்துக்குத் தொடரும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழிகள். எதில் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிகள், வெடிப்பின் நிறம் மட்டும் வேறு. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களில் சிலர் பணம் வசூலித்து, கேமைத் தயாரித்த பயோவேர் கம்பெனிக்கு 402 கப்கேக்குகளை அனுப்பி வைத்தார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் க்ரீம். கடித்தால் மூன்றும் ஒரே வெனிலா சுவை. கோபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்ன? ஜூன் மாதம் கம்பெனி இறங்கி வந்து, விரிவாக்கிய முடிவுக் காட்சிகளை இலவசமாகக் கொடுத்தது.

அதே 2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்' என்ற கேமிலும் இதே தந்திரம்தான். ஆனால் அதற்கு யாரும் கேக் அனுப்பவில்லை. லீ என்ற மனிதன் அநாதையான ஒரு சிறுமியைக் காப்பாற்றிக்கொண்டு அலைகிறான். கடைசிக் கட்டத்தில் அவன் கையில் நடைப்பிணத்தின் கடி. கையை வெட்டுவதா, வேண்டாமா? முடிவு ஆடுகிறவருடையது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அவனுடைய கதி மாறாது. ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்திய எவரும் அதை மறப்பதில்லை. அந்தக் குழந்தைக்காக ஏதோ செய்து பார்த்தோம் என்ற நினைப்பு தங்கிவிடுகிறது. முடிவை மாற்ற முடிகிறதா என்பதல்ல, முடிவெடுத்தவருக்கு வலிக்கிறதா என்பதுதான் இந்த வகைக் கேமுக்கு உரைகல். மாஸ் எஃபெக்டின் கடைசிப் பத்து நிமிடம் தோற்றது அங்கேதான்.

நம் பக்கத்திலும் இந்த வகையில் முயற்சிகள் உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால் 2016இல் 'மிஸ்ஸிங்' என்ற செல்போன் கேமைக் கொண்டுவந்தார். கடத்தப்பட்ட சம்பா என்ற பெண்ணின் இடத்தில் இருந்து ஆட வேண்டும். 2014இல் வந்த 'அன்ரெஸ்ட்', பழைய இந்தியாவைப் போன்ற ஒரு பஞ்சகால நகரத்தில் நடக்கிறது. அதில் வாளெடுக்காமலே பெரும்பகுதியைப் பேசியே கடந்துவிடலாம்.

தமிழர்கள் கொண்டாட வேண்டியது 'வெண்பா'. கனடாவின் டொரண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023 ஜூலை 31இல் வெளியிட்ட சின்ன கேம். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கிறது. பாதி எழுத்து தெரியாது. இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, புட்டுக் குழாயில் எதை முதலில் போடுவது என்று ஆடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடையிடையே மகனிடமோ கணவனிடமோ என்ன சொல்வது என்றும் கேட்கும். எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதையின் போக்கு மாறாது. மகன் தமிழை விட்டு விலகத்தான் செய்வான். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்த எத்தனை தாய்மார்களுக்கு இது தெரிந்த கதை! வார்த்தையை மாற்றிப் போட்டிருந்தால் பிள்ளை விலகியிருக்க மாட்டானோ என்ற கேள்வியோடுதானே அவர்கள் இருக்கிறார்கள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுகக் கேமாக வெண்பா தேர்வானது.

வெண்பாவுக்கு ஒரு சமையலறை போதுமாக இருந்தது. தங்கவயலுக்கு ஒரு கேம் செய்தால் எதிலிருந்து தொடங்குவது? சினிமாக் கதாநாயகனிடமிருந்து வேண்டாம். 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' ஏற்கெனவே கேமராவை உழைப்பாளிகள் பக்கம் திருப்பிவிட்டது. கேமும் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்கம் தோண்ட இங்கே வந்தது. பின்னாலேயே வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். முதல் கேள்வி அங்கேயே இருக்கிறது: ஊரில் பண்ணைக்கு அடங்கி இருப்பதா, கண்காணாத ஆழத்துக்கு இறங்குவதா? பிறகு தொழிலாளர்களுக்கான லைன் வீடு. உடம்பு சரியில்லாத பிள்ளையோடு இருப்பதா, ஷிஃப்டுக்குப் போவதா? கீழே 'ஏர் பிளாஸ்ட்' என்று இங்கே சொல்லுகிற பாறை வெடிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பொத்தானே கிடையாது. 1930இல் விரல் ரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிகள் சொன்னபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திரையில் ஒரு மைப் பெட்டி, ஒரு காகிதம், ஒரு கட்டை விரல். வைப்பதா, வேண்டாமா? பத்து விநாடி.

லூகாஸ் போப் 2013இல் தனி ஆளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' இதற்கு நல்ல முன்மாதிரி. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தாதான் கதாநாயகன். தினமும் வேலை முடிந்ததும் சம்பளக் கணக்கு வரும். வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம், மருந்து. எல்லாவற்றுக்கும் காசு போதாது. எதை விடுவது என்பதுதான் ஆட்டம். அதற்கு 20 முடிவுகள் உண்டு.

தங்கவயலின் பெரிய முடிவுகளுக்கான பொத்தான் மட்டும் ஒருபோதும் தங்கவயலில் இருந்ததில்லை. முதலில் லண்டனில் இருந்தது. 1956இல் மைசூர் அரசின் கைக்குப் போனது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது டெல்லிக்குப் போனது; 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனமானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதை நேர்மையாகக் கேமாக்கினால், அன்றைக்கு ஆடுகிறவர் முன்னால் எந்தத் தேர்வும் தெரியக் கூடாது. மறுநாள் காலையில்தான் அடுத்த கேள்வி வர வேண்டும்: இங்கேயே இருப்பதா, மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவதா?

அந்த ரயிலில் இன்றும் விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். போக வர மணிக்கணக்காகும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கிளைக் கதை எழுத 'ட்வைன்' என்ற கருவி இலவசமாகவே கிடைக்கிறது. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை, தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். கேஜில் இறங்கிய தாத்தாக்கள் சிலர் இன்னும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்றைக்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, தாத்தா? வருகிற பதிலை அவருடைய சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.