யோபுவின் கதையை நீலகண்டன் கேட்டபோது

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)

 சமையலறையில் நின்றபடியும், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியும், திண்ணையில் வலை பொத்திக்கொண்டும் இந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களோடு யோபுவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். சரியாகச் சொன்னால், யோபுவின் கதையைக் கேட்டதால் திசை மாறிப்போன ஒரு வாழ்க்கையைப் பற்றி.

அந்த மனிதரை நீங்கள் அறிவீர்கள். நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன். இன்று நாம் புனித தேவசகாயம் என்று அழைக்கும் மறைசாட்சி. அவரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கதையின் முடிவிலிருந்துதான் தொடங்குகிறோம். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது, சவுக்கடி, காற்றாடிமலை, துப்பாக்கிக் குண்டுகள். சிறுபிள்ளைகள்கூட மறைக்கல்வி வகுப்பில் அதைக் கண்முன் நடந்ததுபோல் சொல்வார்கள். ஆனால் அவர் எப்படி விசுவாசத்துக்கு வந்தார் என்று கேட்டால், டச்சுத் தளபதி டிலனாய் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் நிறைய இருக்கிறது.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். ஒரு கைதி. தோற்றவர். சொந்த நாடு கடலுக்கு அப்பால். அவருடைய திறமையைப் பார்த்து மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் வேலை நடந்தது. அங்கே அரசுப் பணியில் இருந்த நீலகண்டன் அவருக்குப் பழக்கமானார். டிலனாய் கத்தோலிக்கர். குருவானவர் அல்ல. குருமடத்தில் நாங்கள் ஆண்டுக்கணக்கில் படித்த இறையியல் எதையும் படித்தவராகத் தெரியவில்லை. ஒரு படைவீரர், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நீலகண்டனின் வீட்டுக்குத் துன்பம் வந்தது. ஆடு மாடுகள் செத்தன, விளைச்சல் பொய்த்தது, பொருள் இழப்பு ஏற்பட்டது என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர் மனம் உடைந்திருந்தார். அதைக் கவனித்த டிலனாய் என்ன ஏது என்று கேட்டார். கேட்ட பிறகு யோபுவின் கதையைச் சொன்னார்.

இந்த இடத்தில் நின்று பாருங்கள். திருவிவிலியத்தில் எத்தனையோ கதைகள் உண்டு. கானாவூரில் தண்ணீர் இரசமான கதையைச் சொல்லியிருக்கலாம். இந்தச் சாமியைக் கும்பிட்டால் மாடு சாகாது, வயல் விளையும் என்று சொல்லி ஆள் சேர்த்திருக்கலாம். இன்றைக்குச் சில மேடைகளில் ஒலிபெருக்கி வைத்து அப்படித்தானே சொல்கிறார்கள்? டிலனாய் சொன்னதோ, எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சொறிந்துகொண்டிருந்த ஒருவரின் கதை. 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள், எல்லாம் போயின. பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள்.

அந்தக் கதையில் நீலகண்டனைத் தொட்டது எது? அவர் மனதுக்குள் நாம் போக முடியாது. ஆனால் அந்த நூல் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியும். வீட்டில் அடுத்தடுத்து இழப்பு வந்தால், ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, தெய்வம் கோபமாக இருக்கிறது, நேரம் சரியில்லை என்றுதான் மனித மனம் முதலில் நினைக்கும். நீலகண்டன் காலத்தில் மட்டுமல்ல, திருமுழுக்குப் பெற்ற நம் வீடுகளிலும் இதுதான் நினைப்பு. “அவங்க என்ன பாவம் செஞ்சாங்களோ” என்று சாவு வீட்டு வாசலிலேயே பேசுகிறோம். யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் இதைத்தான் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்றார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. தான் பிறந்த நாளையே சபித்தார். கடவுளிடம் நேருக்கு நேர் வழக்காடினார். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கடவுள் யார்மேல் சினம் கொள்கிறார்? தம்மோடு சண்டை போட்ட யோபுவின் மேல் அல்ல. தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று நண்பர்கள் மேல். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்கிறார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். சாமிக்காகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு துன்பப்படுகிறவரைக் குத்துகிற எங்களைப் போன்ற போதகர்களுக்கு இந்த அதிகாரம் கொஞ்சம் கசப்பான மருந்து.

இயேசுவும் இதே வழியில்தான் நின்றார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் அல்ல, இவருடைய பெற்றோரும் அல்ல என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற பேச்சை மறுத்தார். 1981-இல் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி ஒரு திருத்தூது மடல் எழுதினார். அதிலும் யோபுவை எடுத்துக்கொண்டு, எல்லாத் துன்பமும் குற்றத்துக்கான தண்டனை அல்ல என்று தெளிவாகச் சொல்கிறார்.

ஆகவே, நீலகண்டனைப் புனிதராக்குவதற்காகக் கடவுள் அவருடைய மாடுகளைக் கொன்றார் என்று யாராவது பிரசங்கம் செய்தால் நம்பாதீர்கள். பிள்ளையைத் தன் பக்கம் வரவைக்கச் சோற்றில் மண் அள்ளிப் போடுகிற தகப்பன் உண்டா? மாடு செத்தது, பயிர் கருகியது. அப்படிப்பட்ட நேரத்தில், தானும் இழந்து நின்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இழந்தவரைக் குற்றவாளியாக்காத ஒரு கடவுளைப் பற்றிச் சொன்னார். அருள் அந்தப் பேச்சின் வழியாக வந்தது.

ஒக்கி புயல் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 நவம்பர் கடைசியில் நம் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கடற்கரை ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகனைக் கடலுக்குக் கொடுத்தவர், பல மாதங்கள் கோவிலுக்கு வரவில்லை. பிறகு கோவில் வாசல்படி வரை வந்து உட்காருவார். உள்ளே வரமாட்டார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “சாமி, எனக்கு ஆண்டவர்மேல கோவம். கோவத்தோட பூசைக்கு வந்தா பாவமா?”

“வாங்கம்மா. உள்ள வந்து கோவப்படுங்க” என்றேன்.

அவர் உடனே வந்துவிடவில்லை. அடுத்த ஞாயிறும் படியில்தான் இருந்தார். எப்போது உள்ளே வந்தார் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஒரு ஞாயிறு பார்க்கிறேன், கடைசிப் பெஞ்சில் இருக்கிறார். என் மகன் போனதில் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருந்தது என்று அவர் இதுவரை சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த ஊரில் எந்த வீட்டுக்குக் கடலிலிருந்து கெட்ட செய்தி வந்தாலும் முதலில் போய் உட்காருவது அவர்தான். ஒன்றும் பேசமாட்டார். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வாய் திறப்பதற்குமுன் ஏழு நாள் ஏழு இரவு அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா அதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். விவிலியத்தில் படித்துச் செய்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

நீலகண்டனுக்குத் திரும்புவோம். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபை அருள்தந்தை புத்தாரி அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இலாசர் என்ற பெயர், தமிழில் தேவசகாயம். இறைவனே உதவி என்று பொருள். உதவி வந்ததா? உலகக் கணக்கில் பார்த்தால், இழப்பு அதற்குப் பிறகுதான் பெரிதாயிற்று. முன்பு போனது மாடும் விளைச்சலும். இப்போது பதவி போனது, உறவு போனது, 1749-இல் சுதந்திரமும் போனது. மூன்று ஆண்டுகள் சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் உயிரும் போனது. திருமுழுக்கு வாங்கினால் கஷ்டம் தீரும் என்ற கணக்கோடு அவர் வந்திருந்தால், முதல் சவுக்கடியிலேயே திரும்பிப் போயிருப்பார்.

அப்படியானால் அவருக்குள் புதிதானது என்ன? அவர் யாரோடு உட்கார்ந்தார் என்று பாருங்கள். உயர்குலத்தில் பிறந்தவர், அரசுப் பதவியில் இருந்தவர், தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகினார், எல்லாரும் சமம் என்றார். அதுவே அவர்மேல் பலருக்கு ஆத்திரம் வரக் காரணமாயிற்று. இழந்து பார்த்தவருக்குத்தான் இல்லாதவனின் பக்கத்தில் உட்காரக் கால் வரும். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்று மட்டுமே அழைத்தார். நமக்கு இதில் பெருமைப்பட மட்டும் உரிமை இல்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு சுவர் எழுந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் இன்னும் எங்கெங்கே சுவர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய மனைவி பார்கவி அம்மாளையும் மறக்கவேண்டாம். அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவரின் மறைவுக்குப் பிறகு வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானார். பீடத்தில் படம் வைப்பது கணவருக்கு. மிச்சமிருந்த நாட்களைத் தனியாக வாழ்ந்து தீர்த்தது அந்த அம்மா.

யோபு நூலின் முடிவில் அவருக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்று வாசிக்கிறோம். ஆடு 14,000, ஒட்டகம் 6,000. ஆனால் கணக்கைக் கவனியுங்கள். பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பு ஏழு மகன்கள், மூன்று மகள்கள், பிறகும் அதே எண்ணிக்கை. போன பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்று அந்த நூலை எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது. ஏன் இந்தத் துன்பம் வந்தது என்றும் கடவுள் கடைசிவரை யோபுவுக்கு விளக்கவே இல்லை. வந்தார், பேசினார், அவ்வளவே. இதுவரை காதால் கேட்டிருந்த கடவுளை இப்போது கண்ணால் கண்டேன் என்கிறார் யோபு. சிலுவையில் தொங்கியபோது நம் ஆண்டவரும் ஏன் என்றுதான் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து பதில் வரவில்லை.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். யோபு நூலில் மொத்தம் 42 அதிகாரங்கள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் 3-ஆம் அதிகாரத்தையும் 42-ஆம் அதிகாரத்தையும் மட்டும் படியுங்கள். அழுதுகொண்டிருக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால், அவரோடு 3-ஐப் படியுங்கள். 42-க்கு அவசரப்படாதீர்கள்.

இறைவன் உங்களோடு இருப்பாராக. வணக்கம்.