சாட்சியைத் திருத்திய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலை அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைவிட, மாணவனாக இருந்தபோது நான் கெடுத்த ஒரு கேமராவைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்னு நினைக்கிறேன்.

என் ஊர் கடலாடி. கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா ஒரு சோர்க்கி-4 வைத்திருந்தார். மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் செய்த ஃபிலிம் கேமரா. அதில் ஃபோகஸ் பார்க்க ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு. உள்ளே பார்த்தால் ஒரே ஆள் இரண்டு பிம்பமாகத் தெரிவார். லென்ஸைத் திருகினால் ஒரு நெம்புகோல் நகர்ந்து, இரண்டும் ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. நம்ம மூக்கையூர் மீனவர்கள் கரையில் இரண்டு அடையாளம் பார்த்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்களே, அந்தக் கோணக் கணக்குதான்.

2011-ல் மூன்றாம் வருஷ லீவு. லென்ஸ் மாட்டும் வளையத்தைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினேன். தூரத்துப் பனைமரத்தைப் பார்த்தால், லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது மரம் இரண்டாகத் தெரிந்தது. 'ரேஞ்ச்ஃபைண்டர் கெட்டுப்போச்சு' என்று நானே தீர்ப்பு சொல்லி, முன்பக்கம் சின்ன மூடி ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகினேன். மரம் ஒன்றானது. எஞ்சினியர் ஆயிட்டோம்னு ஒரே பெருமை!

அன்று சாயங்காலம் திண்ணையில் தூணில் சாய்ந்து ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்த அப்பத்தாவை, ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப்-2 திறப்பில் எடுத்தேன். கழுவி வந்த படத்தில் தூணின் வெடிப்பு பளிச்சென்று இருந்தது. அப்பத்தா முகம் மங்கல். இன்னொரு நாள் எடுக்கலாம் என்றிருந்தேன். அடுத்த தை வரை அவர் இருக்கவில்லை. அவருடைய வேறு படம் என்றால் வாக்காளர் அட்டையில் இருந்ததுதான்.

காரணம் பிறகுதான் கிடைத்தது. ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த தீப்பெட்டியில், காகிதம் போல ஒரு மெல்லிய வளையம். 0.2 மில்லிமீட்டர் கனம். லென்ஸ் வளையத்துக்கு அடியில் இருக்க வேண்டியது. இந்தக் கேமராவில் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. இருக்க வேண்டும். அதில் 0.2 குறைந்தால், 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டரில் விழ வேண்டிய ஃபோகஸ் சுமார் 19 செ.மீ. பின்னால் தள்ளிப் போகும். எஃப்-2-ல் தெளிவு கிடைப்பதோ முன்னும் பின்னும் ஐந்தைந்து செ.மீ. மட்டும்.

யோசித்துப் பாருங்கள். மரம் இரண்டாகத் தெரிந்தபோது ரேஞ்ச்ஃபைண்டர் உண்மையைத்தான் சொன்னது, லென்ஸ் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று. நான் சாட்சியைத் திருத்திவிட்டேன்.

இப்படிக் கேமரா வைத்திருக்கும் தம்பிகள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் ஃபிலிம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் உள் தண்டவாளத்தின் மேல் சொரசொரப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்க ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை வையுங்கள். ஷட்டரை 'பி'-யில் திறந்து, லென்ஸை முழுதாகத் திறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அது தெளிவாக இல்லாவிட்டால் வளையத்தின் கனத்தைச் சரி செய்யுங்கள். அதன் பிறகே ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்க்ரூ. அதற்குப் பிறகு ஒரு மீட்டரை டேப்பால் அளந்து பாருங்கள். அங்கே பிசகினால் நெம்புகோல் நுனியை மயிரிழை திருப்பி, மறுபடி முடிவிலியைப் பாருங்கள். இரண்டும் ஒத்துவரும் வரை மாறி மாறிப் பார்க்க வேண்டும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் மத்தியானத்தில் இதைச் செய்யாதீர்கள். கானலில் எல்லாமே நெளியும், விடியற்காலைதான் சரி. சூரியனைப் பார்க்க லென்ஸை வைத்தால் துணி ஷட்டர் பொசுங்கிவிடும்.

இன்று வேலையில் ஒரு மீட்டர் ஒத்துவராத அளவு காட்டினால், 'மீட்டரைத் திருத்துங்க சார்' என்று யாராவது சொல்வார்கள். நான் முதலில் குழாயைப் போய்ப் பார்ப்பேன்.

அந்த வளையம் இப்போது கேமராவுக்குள் அதன் இடத்தில் இருக்கிறது. மங்கலான அந்தப் படம் எங்கள் வீட்டு நடையில் மாட்டியிருக்கிறது.